குறுக்கு பிடித்த பிறகு ராடும் கெட்டில்பெல்லும்: எதை முதலில் தொடுவது?

டெட்லிஃப்ட் (தரையிலுள்ள எடையைக் குனிந்து பிடித்து நிமிர்வது) போடும்போதோ, ரப்பர் பால் வாளியைத் தூக்கும்போதோ குறுக்கு பிடித்துக்கொண்டால் குமரி மாவட்டத்தில் மூன்று விதமான யோசனை வந்து சேரும். எம்ஆர்ஐ படத்தைப் பார்த்தவர் "இனி எடை தூக்கவே கூடாது" என்பார். வர்ம ஆசான் எண்ணெய் போட்டுத் தடவிவிட்டு, இத்தனை நாள் பத்தியம் என்பார். ஜிம் மாஸ்டர், "தசையில பலம் இல்ல, அதான். சின்ன கெட்டில்பெல்ல வச்சு ஸ்விங் போட ஆரம்பிங்க, சரியாயிரும்" என்பார்.

மூன்றிலும் கொஞ்சம் உண்மை உண்டு. மூன்றாவதில் ஒரு கண்ணியும் உண்டு. கைப்பிடி வைத்த இரும்புக் குண்டான கெட்டில்பெல் உருவத்தில் சிறியது என்பதற்காக அதன் ஸ்விங்கை (கால்களுக்கு நடுவிலிருந்து முன்னால் வீசுவதை) முதல் பயிற்சியாக எடுத்துக்கொள்வது வரிசையைத் தலைகீழாக்குவது. மெதுவாகத் தூக்கும் ராடு (இரு முனையிலும் பிளேட் என்ற எடைத் தட்டு மாட்டும் நீளக் கம்பி) முன்னால் வர வேண்டும், வேகமாக வீசும் கெட்டில்பெல் கடைசியில் வர வேண்டும். ஏன் என்பதை அடியிலிருந்து பார்க்கலாம்.

பயிற்சிக்கு முன்னால் மருத்துவரிடம் போக வேண்டியவர்கள்

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் இந்தக் கட்டுரையின் மற்ற பகுதிகள் உங்களுக்கு இப்போதைக்கு வேண்டாம்.

1. உட்காரும் இடத்திலும் பிறப்புறுப்பைச் சுற்றியும் மரத்துப்போவது, சிறுநீர் போக முடியாமல் அடைப்பது, மலம் கட்டுப்பாடில்லாமல் போவது. இது நரம்புக் கொத்து நசுங்குவதன் அறிகுறி. நாளைக் காலை பார்க்கலாம் என்று விடக்கூடாது. ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை போல இரவிலும் மருத்துவர் இருக்கும் இடத்துக்கு அந்த மணிநேரமே போக வேண்டும்.
2. கால் பலம் நாளுக்கு நாள் குறைவது. குதிகாலால் நடக்க முடிகிறதா, நுனிக்காலால் எழும்ப முடிகிறதா என்று பார்த்தால் தெரியும்.
3. காய்ச்சல், காரணமில்லாமல் உடல் இளைப்பது, படுத்தாலும் விடாத இரவு வலி, முன்பு புற்றுநோய் இருந்தது.
4. விழுந்தோ விபத்திலோ வந்த வலி. எலும்பு தேய்ந்தவர்களுக்கும் நெடுநாள் ஸ்டீராய்டு எடுத்தவர்களுக்கும் சின்னச் சறுக்கலே போதும்.

முதுகில் அறுவை சிகிச்சை செய்தவர்கள் எப்போது எடை தொடலாம் என்பதை அறுவை செய்தவர்தான் சொல்ல வேண்டும்.

உள்ளே என்ன நடக்கிறது

இடுப்புப் பகுதியில் 5 முதுகெலும்புகள் உண்டு. மேலிருந்து கீழாக எல்1 முதல் எல்5 வரை எண்ணுவார்கள். அதற்குக் கீழே திரிக எலும்பின் முதல் பகுதியான எஸ்1. இரண்டு எலும்புகளுக்கு நடுவே இருப்பது டிஸ்க்: நடுவில் கூழ், சுற்றிலும் அடுக்கடுக்கான நார் வளையம். குனிந்தபடி பாரம் ஏறும்போது கூழ் பின்பக்கமாகத் தள்ளப்படும். நார் வளையம் கிழிந்து கூழ் வெளியே பிதுங்குவதுதான் டிஸ்க் பிதுக்கம். பெரும்பாலும் எல்4-எல்5, எல்5-எஸ்1 என்ற கடைசி இரண்டு இடங்களில்தான் இது வரும். பிதுங்கிய பகுதி நரம்பைத் தொட்டால் வலி பிட்டத்தைத் தாண்டித் தொடை, கெண்டைக்கால், பாதம் என்று இறங்கும்.

ஆனால் குறுக்கு வலி என்று வருபவர்களில் பெரும்பாலானோருக்கு இன்ன இடத்தில்தான் கோளாறு என்று கைவைத்துச் சொல்ல முடியாது. தசைநார், மூட்டு, டிஸ்க் எல்லாமே கொஞ்சம் கோபித்துக்கொண்ட நிலை அது. இப்படிப்பட்ட வலி பெரும்பாலும் சில வாரங்களில் தானாகவே தணியும். பிதுங்கிய கூழைக்கூட உடல் மாதக் கணக்கில் மெல்ல மெல்லக் கரைத்துவிடுவது பலருக்கு நடக்கிறது.

எம்ஆர்ஐ அறிக்கையைப் பற்றி ஒரு வார்த்தை. முதுகு வலியே இல்லாத 3,110 பேரின் படங்களை வைத்து நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2015-ல் ஒரு கட்டுரை வந்தது. வலி இல்லாத 20 வயதுக்காரர்களில் 37 சதவீதத்தினருக்கு டிஸ்க் தேய்மானம், 30 சதவீதத்தினருக்கு டிஸ்க் வீக்கம் (பல்ஜ்). 50 வயதில் தேய்மானம் 80 சதவீதம், வீக்கம் 60 சதவீதம். ஆக, "எல்4-எல்5 பல்ஜ்" என்ற ஒரு வரியை மட்டும் வைத்து ஆயுள் முழுக்க எடை தூக்காதே என்று சொல்ல முடியாது. படமும் காலில் இறங்கும் வலியும் ஒரே இடத்தைக் காட்டினால்தான் அந்த வரிக்கு அர்த்தம்.

சுமைக் கணக்கு

முதுகுத்தண்டை நிமிர்த்திப் பிடிக்கும் தசைகள் அதற்குப் பின்னால் சுமார் 5 செ.மீ. தூரத்தில் இழுக்கின்றன. கையிலுள்ள எடையோ முன்பக்கம் எவ்வளவோ தள்ளி இருக்கிறது. துலாக்கோலின் குட்டைப் பக்கத்தில் தசை, நீளப் பக்கத்தில் எடை. 16 கிலோ கெட்டில்பெல்லை முதுகுத்தண்டிலிருந்து 50 செ.மீ. தள்ளிப் பிடித்தால்:

16 × 50 ÷ 5 = 160 கிலோ

அதாவது தசை 160 கிலோ அளவுக்கு இழுக்க வேண்டும், அந்த இழுப்பு முழுதும் டிஸ்கை நசுக்கும் அழுத்தமாக மாறும். அதே எடை 25 செ.மீ. தூரத்தில் இருந்தால் 80 கிலோதான். குனிந்த உடம்பின் சொந்த எடையும் இதோடு சேரும். இது தோராயக் கணக்குதான். ஆனாலும் "எடையை உடம்போடு ஒட்டிப் பிடி" என்று மாஸ்டர் தொண்டை கிழியக் கத்துவதற்கு இதுவே காரணம்.

இந்தக் கணக்குப்படி 60 கிலோ ராடு தரும் அழுத்தம் 16 கிலோ கெட்டில்பெல்லைவிட அதிகம். பிறகு ஏன் ராடை முதலில் வைப்பது? மூன்று காரணங்கள்.

1. ராடை மெதுவாக, நினைத்த இடத்தில் நிறுத்தித் தூக்கலாம். 20 கிலோவில் தொடங்கி 2.5 கிலோ, 5 கிலோ என்று கூட்டலாம். கட்டையை வைத்து உயரத்தையும் மாற்றலாம். கெட்டில்பெல்லோ ரஷ்யாவின் பூட் என்ற பழைய அளவைத் தழுவி 16, 24, 32 என்று ஏறுவது. 16-லிருந்து 24-க்குப் போவது ஒரே தாண்டலில் 50 சதவீத ஏற்றம். பல ஜிம்களில் நடுவில் 20 கிலோவே இருக்காது.
2. ஸ்விங்கில் கீழே இறங்கிவரும் பெல்லைத் தடுத்து நிறுத்தித் திரும்ப மேலே அனுப்ப வேண்டும். அந்தக் கணத்தில் முதுகு தாங்குவது 16 கிலோ அல்ல, அதைவிடப் பெரிய விசை. ஒரு நாளில் அது 100 முறை நடக்கும். 90-வது முறை களைத்த தசை எப்படிப் பிடிக்கும் என்பதுதான் கேள்வி.
3. அழுத்தம் தவிர, ஒரு எலும்பு இன்னொன்றின் மேல் வழுக்கப் பார்க்கும் விசையும் உண்டு. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஸ்டூவர்ட் மெக்கில் 16 கிலோ ஸ்விங்கை அளந்து 2012-ல் வெளியிட்ட ஆய்வின்படி, தரையிலிருந்து எடை தூக்கும்போது வரும் வழுக்கு விசைக்கு நேர் எதிர்த் திசையில், எல்4 எலும்பை எல்5 மேல் பின்னோக்கித் தள்ளும் விசை ஸ்விங்கில் வருகிறது. பெரிய டெட்லிஃப்டைச் சும்மா போடுபவர் சின்ன ஸ்விங்கில் முகம் சுளிப்பது இதனால் இருக்கலாம்.

வலி எந்தப் பக்கம்?

குனிந்தால், நெடுநேரம் உட்கார்ந்தால், பைக்கில் போனால் கூடும் வலி ஒரு வகை. நிமிர்ந்து பின்னால் வளைந்தால், நெடுநேரம் நின்றால் கூடும் வலி இன்னொரு வகை. முதல் வகைக்காரர் தரையிலிருந்து தூக்குவதையும் ஆழமான ஸ்குவாட்டையும் (எடையோடு உட்கார்ந்து எழுவது) தள்ளிப்போட வேண்டும். இரண்டாம் வகைக்காரருக்கு ஆபத்து வேறு இடத்தில்: தலைக்கு மேல் எடை தூக்கும் பிரஸ், படுத்தபடி முதுகை வில்லாக வளைத்து எடையைத் தள்ளும் பெஞ்ச், டெட்லிஃப்டின் உச்சியில் வீரம் காட்டிப் பின்னால் சாய்வது. வளரும் வயதுப் பையன்களுக்கு, குறிப்பாக வேகப் பந்து வீசுபவர்களுக்கு, பின்னால் வளைந்தால் ஒரு பக்கமாகக் குத்தும் வலி எலும்பில் மெல்லிய விரிசலாக இருக்கலாம். அதைப் படம் எடுத்துப் பார்க்காமல் தொடக்கூடாது.

இரண்டு வகையையும் ஒரே அட்டவணையில் போட்டுப் பழக்கும் ஜிம்மில், பாதிப் பேருக்கு அட்டவணையே வலியைக் கிளப்பும்.

காலை நேரமும் பால் வெட்டும்

இரவு படுக்கையில் டிஸ்க் தண்ணீரை உறிஞ்சி உப்பும். பகலில் நிற்க நடக்க அது வடிந்து உயரம் குறையும். காலையில் எழுந்ததும் டிஸ்க் இறுகிப் புடைத்திருப்பதால், அப்போது குனிந்தால் நார் வளையத்தில் விழும் இழுப்பு மற்ற நேரத்தைவிட அதிகம். முதல் ஒரு மணி நேரம்தான் மோசமானது.

குலசேகரம், திருவட்டாறு பக்கத்து ரப்பர் பால் வெட்டுத் தொழிலாளிக்கு இது நேரடியான சங்கதி. விடியுமுன் தோட்டத்தில் இருப்பார். ஒட்டுரக மரத்தில் வெட்டு தரையிலிருந்து சுமார் 125 செ.மீ. உயரத்தில் தொடங்கி வருடா வருடம் கீழே இறங்கும். பட்டை கீழே வர வர அவர் குனிவதும் கூடும். டிஸ்க் உப்பியிருக்கும் நேரத்தில் நூற்றுக்கணக்கான குனிவு, பிறகு பால் வாளி. மாலையில் இவர் ஜிம்முக்கு வந்தால் அவருடைய முதுகு ஏற்கெனவே ஒரு முழுப் பயிற்சியை முடித்திருக்கிறது. கரமடி வலை இழுப்பவருக்கும் லோடு ஏற்றுபவருக்கும் இதே கணக்குதான். வெட்டு இருக்கும் நாளில் முதுகுக்கான பயிற்சியை விட்டுவிட்டு, வெட்டில்லாத நாளில் அதை வைத்துக்கொள்வது நல்லது. தாழ்ந்த பட்டைக்கு ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றி வெட்டினால் குனிவு குறையும்.

மற்றவர்களுக்கு: எழுந்து ஒரு மணி நேரம் கழியாமல் டெட்லிஃப்ட் வேண்டாம். மார்த்தாண்டத்திலிருந்து நாகர்கோவில் வரை குண்டுகுழியில் பைக் ஓட்டி வந்து நேராக ராடுக்குப் போகவும் வேண்டாம். முதலில் 10 நிமிடம் நடக்க வேண்டும்.

எதை வைத்து முன்னேறுவது: 24 மணி நேர விதி

வலி போய்விட்டதா என்ற கேள்வியை நம்பி முன்னேறினால் ஏமாறுவோம். தடவல் தசைப்பிடிப்பை இளக்கும், மாத்திரையும் ஊசியும் வலியை மூடும். அந்த இதமான ஒன்றிரண்டு நாளில் பழைய எடையைத் தொட்டவர்கள்தான் மறுபடி படுக்கிறார்கள். மாத்திரை போட்ட நாளில் எடை சோதனை கூடாது. பார்க்க வேண்டியது, ஒரு அளவு சுமை கொடுத்தபின் அடுத்த 24 மணி நேரம் முதுகு எப்படி நடந்துகொள்கிறது என்பதை.

1. பயிற்சியின்போது வலி 10-க்கு 2 வரை இருக்கலாம். 3-ஐத் தாண்டினால் அந்த செட்டை நிறுத்த வேண்டும்.
2. மறுநாள் காலை, வழக்கமான நேரத்தில், குனிந்து முகம் கழுவும்போது நேற்றைய காலையைவிட விறைப்பு கூடியிருக்கிறதா? கூடவில்லை என்றால் சுமை சரி. கூடியிருந்தால் அடுத்த முறை சுமையில் மூன்றில் ஒரு பங்கைக் குறைக்க வேண்டும்.
3. வலி காலிலிருந்து மேலேறி இடுப்பில் ஒடுங்கினால், இடுப்பில் வலி சற்றுக் கூடினாலும் அது நல்ல திசை. இடுப்பு வலி குறைந்து கெண்டைக்காலுக்கு இறங்கினால் கெட்ட திசை. அன்றோடு அந்தப் பயிற்சி நிற்க வேண்டும்.

படிகள்

படி 1: நடையும் பிடிமானமும். தினம் 10 நிமிட நடை, மூன்று தடவை. கூடவே மெக்கில் வகுத்த மூன்று பயிற்சிகள்: ஒரு காலை மடக்கிப் படுத்து, கைகளை இடுப்பு வளைவுக்கு அடியில் வைத்து, தலையையும் தோளையும் ஒரு விரற்கடை மட்டும் தூக்குவது, முழங்கையை ஊன்றிப் பக்கவாட்டு பிளாங்க் (உடம்பைப் பலகைபோல் நேராகப் பிடிப்பது), நாலு காலில் நின்று எதிரெதிர்க் கையையும் காலையும் நீட்டுவது. ஒவ்வொன்றிலும் 10 விநாடி பிடிப்பு. முதல் செட் 6 தடவை, அடுத்தது 4, அடுத்தது 2. பிடிப்பு நேரத்தை நீட்ட வேண்டாம், தடவையைக் கூட்டினால் போதும்.

படி 2: கம்போடு இடுப்பு மடக்கு. சிலம்பக் கம்பை முதுகோடு சேர்த்துப் பிடித்தால் பின்னந்தலை, தோள்பட்டைகளின் நடு, பிட்டத்துக்கு மேலுள்ள எலும்பு ஆகிய மூன்று இடமும் கம்பைத் தொட வேண்டும். முழங்காலைச் சற்றே தளர்த்தி, பிட்டத்தைப் பின்னால் தள்ளி முன்சாய வேண்டும். ஏதாவது ஓர் இடம் கம்பை விட்டு விலகினால் அதுதான் இப்போதைய எல்லை. அந்த ஆழத்துக்கு மேல் எடையோடு போகக்கூடாது. 3 செட், 10 தடவை, வாரத்தில் நான்கு நாள்.

படி 3: கட்டைமேல் கெட்டில்பெல் டெட்லிஃப்ட். இங்கே கெட்டில்பெல் முதலில் வருகிறது, ஆனால் வீசுவதற்கு அல்ல. பெல்லைக் கால்களுக்கு நடுவே வைக்கலாம் என்பதால் முன்தூரம் குறைகிறது. 25 செ.மீ. உயரக் கட்டைமேல் 8 அல்லது 12 கிலோ, 3 செட், 8 தடவை. இதோடு ஒரு கையில் மட்டும் 12 கிலோவைத் தொங்கவிட்டு 30 மீட்டர் நடந்து, கை மாற்றித் திரும்புவது. உடம்பு எடைப் பக்கம் சாயாமல் நடக்க வேண்டும்.

படி 4: ராடு, முழங்காலுக்குச் சற்றுக் கீழிருந்து. வெறும் ராடு, 3 செட், 5 தடவை, வாரத்தில் இரண்டு நாள், நடுவில் குறைந்தது இரண்டு நாள் இடைவெளி. வாரம் 5 கிலோ கூட்டலாம். தூக்குமுன் மூச்சை வயிற்றுக்குள் இழுத்து, யாரோ குத்த வருவதுபோல் வயிற்றைச் சுற்றிலும் இறுக்கி, தூக்கி முடித்தபின் விட வேண்டும். ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மூச்சை அடைக்காமல் தூக்கும்போதே மெல்ல விட வேண்டும். பெல்ட் இந்த இறுக்கத்துக்கு ஒரு சுவர் கொடுக்கும், அவ்வளவே. இறுக்கத் தெரியாதவருக்கு அது வெறும் தோல் பட்டை.

படி 5: உயரத்தைக் குறைப்பது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கட்டையை 5 செ.மீ. தாழ்த்தலாம். தாழ்த்தும் வாரத்தில் எடையைக் கூட்டக்கூடாது. ஒரே நேரத்தில் இரண்டையும் மாற்றினால் மறுநாள் வலிக்கு எது காரணம் என்று தெரியாது.

உள்ளூர் ஜிம்மில் இடறும் இடங்கள்

போட்டிக்கான பெரிய பிளேட்டின் விட்டம் 45 செ.மீ. அதைப் போட்டால் ராடு தரையிலிருந்து 22.5 செ.மீ. உயரத்தில் நிற்கும். டெட்லிஃப்டின் தொடக்க உயரம் என்று எல்லோரும் சொல்வது இதைத்தான். நம்மூர் ஜிம்களில் இருக்கும் 10 கிலோ இரும்புப் பிளேட் 30 செ.மீ.கூட இருக்காது. ராடு 15 செ.மீ.க்குப் போய்விடும். வீடியோவில் பார்த்த அதே நிலையில் நின்று அதைவிட 7, 8 செ.மீ. ஆழமாகக் குனிகிறோம். அந்த ஆழத்தில்தான் இடுப்பு வளைவு மடங்குகிறது. "ஃபார்ம் சரியில்லை" என்று பையனைத் திட்டுவதைவிடப் பிளேட்டுக்கு அடியில் பலகை போடுவது மேல். ரப்பர் மரப் பலகையை மரமில்லில் 60 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 5 செ.மீ. கனத்தில் அறுத்து வாங்கி, இரண்டிரண்டாகத் திருகாணி போட்டு அடுக்கலாம். மருந்து ஏற்றாத ரப்பர் மரத்தைப் பூச்சி சீக்கிரம் அரிக்கும், அதனால் பதப்படுத்தியதா என்று கேட்டு வாங்க வேண்டும். ஹாலோ பிளாக் வேண்டாம், எடை இறங்கும்போது பொடியும்.

மெல்லிய ராடு 20 கிலோ இருக்காது. எடைக் கருவியில் ஒருமுறை நிறுத்துக் குறித்துக்கொண்டால்தான் வாரம் 5 கிலோ என்ற கணக்கு நிற்கும். கடலோர ஊர்களில் உப்புக் காற்றில் ராடின் முனைக் குழாய் துருவேறிச் சுழலாமல் நிற்கும். டெட்லிஃப்டுக்குப் பரவாயில்லை. கிளீன் (ராடை ஒரே வீச்சில் தோளுக்கு ஏற்றுவது) போடும்போது பிளேட்டின் சுழற்சி முழுதும் மணிக்கட்டிலும் முதுகிலும் இறங்கும்.

இன்னொன்று: பயிற்சி நன்றாக முடிந்து, கடைசியில் பிளேட்டைக் கழற்றித் தரையில் வைக்கும்போது பிடித்துக்கொள்வது. கவனம் விலகிய நேரம், களைத்த முதுகு, கையை நீட்டிய குனிவு. பிளேட்டை இரண்டு கையாலும் வயிற்றோடு அணைத்து, ஒரு முழங்காலை ஊன்றி வைக்க வேண்டும். இதுவும் ஒரு ரெப்தான்.

ஸ்விங்

45 செ.மீ. பிளேட்டின் கணக்கில், அதாவது 22.5 செ.மீ. உயரத்திலிருந்து ராடைத் தூக்கி நான்கு வாரம் மறுநாள் காலை விறைப்பு கூடாமல் இருக்க வேண்டும். 24 கிலோ கெட்டில்பெல்லைத் தரையிலிருந்து 10 தடவை அலுங்காமல் தூக்க முடிய வேண்டும். அதன்பின்:

1. 12 கிலோ, பெண்கள் பலருக்கு 8 கிலோ. பெல்லைப் பாதத்துக்கு ஓரடி முன்னால் வைத்து, சாய்த்துப் பிடித்து, கால்களுக்கு இடையே பின்னால் எறிந்து ஒரே ஒரு ஸ்விங். மீண்டும் தரையில் வைத்து நிதானித்து அடுத்தது. 5 தடவை, 6 செட். ஒவ்வொன்றும் நின்று தொடங்குவதால் களைப்பில் தொடர்ந்து வீசும் ஆபத்து இல்லை.
2. பின்னால் போகும்போது முன்னங்கை உள்தொடையின் மேல்பகுதியைத் தொட வேண்டும். பெல் முழங்காலுக்குக் கீழே போனால் முதுகு கூடவே இழுபடும்.
3. உச்சியில் நேராக நிற்க வேண்டும். பின்னால் சாய்ந்தால் வழுக்கு விசையோடு வளைவும் சேர்கிறது.
4. கையால் தூக்கக்கூடாது. நம் ஊர்ப் புழுக்கத்தில் கைப்பிடி வியர்வையில் வழுக்கும், வழுக்கினால் தோளால் இழுக்கத் தொடங்குவோம். செட்டுக்கு ஒருமுறை துணியால் துடைத்து மெக்னீசியம் பொடி பூச வேண்டும்.
5. இரண்டு வாரம் சரியாகப் போனால் தொடர் ஸ்விங்: 10 தடவை, 5 செட். அதை 10 செட்டாக்கிய பிறகே 16 கிலோ. 16-லிருந்து 24-க்குத் தாண்டும்போது மறுபடி முதல் முறைக்கே, ஒவ்வொன்றாக.

ஸ்நாட்சும் (ஒரே வீச்சில் தலைக்கு மேல் ஏற்றுவது) கிளீனும் இதற்கும் பிறகு. தொடர் ஸ்விங்கில் 16 கிலோ 100 தடவை சலனமில்லாமல் போகும்வரை அவற்றுக்கு அவசரமில்லை.

மறுபடி பிடித்தால்

பிடிக்கும். மறுபடி வருவது குறுக்கு வலிக்கு இயல்பு, புதிதாக ஏதோ கிழிந்துவிட்டது என்று பொருளல்ல. முதலில் அந்த நாலு எச்சரிக்கை அறிகுறிகளைப் பார்க்க வேண்டும். ஒன்றும் இல்லை என்றால் இரண்டு மூன்று நாள் நடையும் படி 1-ம் மட்டும். முழுநேரப் படுக்கை வேண்டாம், அது மீள்வதைத் தாமதமாக்கும். பிறகு கடைசியாகச் சரியாக இருந்த படிக்கு ஒரு படி கீழே, பாதி எடையில் தொடங்கி, ஒவ்வொரு முறையும் மறுநாள் காலையைப் பார்த்து ஏற வேண்டும்.  ஆறு வாரம் ஆகியும் முதல் படியிலேயே நின்றால், அல்லது கால் வலி இறங்கிக்கொண்டே இருந்தால், எலும்பு மருத்துவரையோ பிசியோதெரபிஸ்டையோ மறுபடி பார்க்கும்போது எந்த எடை, எந்த உயரம், மறுநாள் என்ன ஆயிற்று என்று எழுதி வைத்த நோட்டைக் கையோடு கொண்டுபோக வேண்டும்.